முகப்பில்லாத வரைபடம்

சேதுராமன் போய்விட்டார் என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, நான் அவருடைய நாற்காலியில், அவருடைய மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். காரைக்குடியில் பழைய வீடுகளை அளந்து, ஹோட்டலாக மாற்ற வரைபடம் போட்டுத்தரும் அலுவலகம் எங்களுடையது. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் குழுவில் நல்ல மனிதர் என்று எழுதுகிறீர்கள். நல்லவர்தான். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதையும் சேர்த்தே நான் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த மானிட்டரை மூன்று வருடமாகக் கேட்டவன் நான். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டைச் சின்னத் திரையில் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். ஒருவழியாக முதலாளி வாங்கினார். மேசையை அடைத்துக்கொண்டு, இரண்டு ஓரமும் உள்நோக்கி வளைந்த பெரிய திரை. அதை எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த சேதுராமனிடம் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீகண்ணே, நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்" என்றார் சேதுராமன்.

"ஆமா, ஒனக்கு பால்கனி, எனக்கு தரை டிக்கெட்டு" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சில மாதங்களில் திரையைக் குறை சொல்லத் தொடங்கினார். "இடது ஓரம் மங்கலா இருக்குண்ணே. கொஞ்சம் இங்குட்டு வந்து பாருங்களேன்." பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. "சும்மா கெடச்சதுல கொறை கண்டுபிடிக்கத்தான் தோணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பிறகு ஐகான்களை எல்லாம் வலப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். கதவு நிலையில் இடது தோளை அடிக்கடி இடித்துக்கொண்டார். இடக்கைப் பக்கம் வைத்த காபி ஆறி, ஆடை படிந்து, அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

நாச்சியாபுரத்து வீடு ஒன்றின் வரைபடம் முடிந்தது. "அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துருங்கண்ணே" என்றார். ஒவ்வொரு வரைபடத்துக்கும் சொல்வதுதான். நடுமுற்றத்து வளவு இருந்தது, இரண்டாம் கட்டு இருந்தது, வலது ஓரத்தில் பின்தெருக் கதவு இருந்தது. இடது ஓரத்தில் வரவேண்டிய முகப்பும் தலைவாசலும் இல்லை. "சரியாருக்கு, அனுப்பு" என்றேன். முதலாளி முன்னால் ஒரு தடவை தலைகுனியட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

வீட்டுக்கார ஆச்சி நேரிலேயே வந்துவிட்டார். "என்னப்பா இது, வாசலே இல்லாம வீடு போட்டிருக்கீக?"

சேதுராமன் திரையைப் பார்த்தார். "இருக்கே ஆச்சி" என்று விரலால் காட்டினார். விரல் போய் நின்றது, வளவுக்குள் நுழையும் கதவில்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் வலப்பக்கம் கட்டி. இடப்பக்கப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் அவருக்கு இடப்பக்கமாக நின்றேன். அவர் வலப்பக்கம் இருந்த மனைவியிடம் கேட்டார்: "அண்ணன் இன்னும் வரலையா? வாசல் எப்பிடி விட்டுப்போச்சுன்னு அவுகளைக் கேக்கணும். அண்ணன் பாத்துட்டுத்தானே அனுப்புனது." மனைவி என்னைப் பார்த்துவிட்டுச் சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்தப் பக்கம் போக நாலு எட்டு. நான் போகவில்லை.

நான் கேட்ட மானிட்டர் எனக்கு வந்துவிட்டது. முகப்பில்லாத அந்த வரைபடத்தை அழிக்கச் சொன்னார்கள், வைத்திருக்கிறேன். அவருடைய சொல் ஒன்றையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்ததும், "ஒரு பார்வை பாத்துருங்க" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்கிறேன். அவர் எட்டிப் பார்த்து, "சரியாருக்குண்ணே, அனுப்புங்க" என்கிறார்.

நான் அனுப்புவதில்லை. இடது ஓரத்திலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்குகிறேன்.