என் சிரிப்போடு ஓடிய ஜீப்பு

போடியில் ஜாக்கெட்டுகளுக்கு ஆரி எம்ப்ராய்டரி செய்கிறேன். அதற்கென நானே ஒரு வெப்சைட் வடிவமைத்திருந்தேன். வாடகை ஜீப்பு ஓட்டும் என் சித்தி மகன், "இதே மாதிரி எனக்கும் வேணும்க்கா" என்றான். "அதுக்கென்ன, எடுத்துக்கப்பா" என்றேன்.

ஒரு காலையில் போன் வந்தது.

"குரங்கணி மலையடிவாரத்துல குடும்பத்தோட நிக்கிறோம். புக் பண்ணுன ஜீப்பு எங்கம்மா?"

"ராங் நம்பருங்க."

"வெப்சைட்டுல நீங்கதான சிரிக்கிறீங்க?"

பதறிப்போய்ப் பார்த்தேன். என் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, ஜாக்கெட் படங்களுக்குப் பதில் ஜீப்பை வைத்திருந்தான். என் போட்டோவும் நம்பரும் மாறவில்லை. அவர்கள் செய்த புக்கிங் என் மெயிலில் கிடந்தது. அவனோ ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போயிருந்தான். மலையில் சிக்னல் இல்லை.

"ஏமாத்துறீங்களா? போலீசுக்குப் போவோம்" என்றார்கள். முகம் என்னுடையது, நம்பர் என்னுடையது. அது நானில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கெஞ்சி வேறு ஜீப்பு அனுப்பினேன்.

சாயங்காலம் வந்தவன், "நீதானக்கா எடுத்துக்கன்னு சொன்ன?" என்றான்.

"மாதிரின்னுதானடா கேட்ட? என்னையுமா எடுப்ப?"

அன்றே அவன் நகலெடுத்த எல்லாவற்றையும் அழிக்க வைத்தேன். இப்போது யார் கேட்டாலும், "நிறம், அமைப்பு எல்லாம் பாத்துக்க" என்கிறேன். 'எடுத்துக்க' என்று வாய்தவறியும் சொல்வதில்லை.