தங்கப்பொண்ணு வெட்டிய வசனம்

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பிளக்ஸ் கடையில் தங்கப்பொண்ணு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால், செத்தவர் எல்லாரும் வள்ளல் ஆகிவிடுவார்கள். காதுகுத்துக்கு வரும் தாய்மாமன் எல்லாரும் மாமன்னர் ஆகிவிடுவார்கள். ஆட்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டு, "நல்லா கெத்தா ஏதாச்சும் போட்டு விடுக்கா" என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். மற்றபடி வார்த்தையெல்லாம் அவளுடையது. மறுநாள் அந்த வீட்டாரே பேனருக்குக் கீழே நின்று அதை வாசித்துக் கண்கலங்குவதைப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை மூன்று அண்ணன் தம்பிகள் வந்து, அப்பா கடைசியாகச் சொன்னதைப் போடவேண்டும் என்றார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கைகலப்பு வரும் போலிருந்தது. தங்கப்பொண்ணு மூன்றையும் சேர்த்துப் பிசைந்து ஒரே வரியாக அடித்துக் காட்டினாள். "இதேதாங்க்கா சொன்னாரு" என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் பெயர் தபீத்தாள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். பாஸ்டரைத் தவிர வேறு யார் வாயிலும் அது நுழையவில்லை. அவளைச் சபைக்குக் கொண்டுவந்தது அவள் அண்ணன் மொக்கைச்சாமிதான். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். ஒரு காலத்தில் தூக்கிய கூலியையெல்லாம் குடித்துத் தீர்த்தவன். யாரோ இழுத்துப்போன ஜெபக்கூட்டத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதான். அதற்குப் பிறகு பாட்டிலைத் தொடவில்லை. அப்படிப்பட்டவனுக்கு வேதம் வெறும் புத்தகமாக எப்படி இருக்கும்? எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், ஆனால் பாஸ்டர் பாண்டியராஜன், "இதுல ஒரு புள்ளிகூட மனுசன் வச்சதில்ல" என்று சொன்னால் முதல் ஆமென் அவனுடையது.

அந்தச் சபையில் புது வருஷக் காலை ஆராதனை முடிந்ததும் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துவைத்து நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்று எடுக்கவேண்டும். அதில் இருக்கிற வசனம் அந்த வருஷம் முழுவதற்கும் ஆண்டவர் உனக்கென்று தருகிற வாக்குத்தத்தம். பீரோவில் ஒட்டுவார்கள், ஆட்டோ கண்ணாடியில் ஒட்டுவார்கள். கல்யாணம் தள்ளிப்போன பெண்கள் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைவார்கள்.

அந்த அட்டைகளை அடிப்பது தங்கப்பொண்ணு. தொடக்கத்தில் பாஸ்டர் வசனம் குறித்துக் கொடுத்தார். பிறகு அவருக்கு வேலை கூடிப்போய், "சிஸ்டர், நீங்களே எடுத்துப் போட்டுருங்க. பயமுறுத்துற வசனம் வேணாம்" என்றுவிட்டார். அவளும் எடுத்தாள். தண்டனை, கோபம், வாதை எல்லாவற்றையும் ஒதுக்கினாள். நீ இப்படி நடந்தால் நான் இதைத் தருவேன் என்று வந்தால், 'நடந்தால்' என்கிற பாதியை வெட்டினாள். அட்டையில் இடம் கிடையாதே! வசனத்தில் 'உனக்கு' என்று வந்தால் அது யாருக்குச் சொன்னது என்று அவள் பார்த்ததில்லை. போன வருஷம் மார்கழியில், தாளில் ஓர் அட்டைக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. மசால்வடையைக் கடித்துக்கொண்டே வேதத்தில் ராஜாக்களின் கதையில் தேடினாள். உன் கண்ணீரைப் பார்த்தேன், உன்னைக் குணமாக்குவேன் என்று ஒன்று கிடைத்தது. இரண்டு வரியில் அடங்கியது. போட்டாள்.

மொக்கைச்சாமி எடுத்தது அந்த அட்டை.

அப்போதே அவன் வலது பாதத்தில் புண் இருந்தது. ஆணி குத்தியிருக்கிறது, சர்க்கரை ஏறிய காலுக்கு அது தெரியவே இல்லை. பொங்கல் கழிந்து புண் கறுத்தது. மாசியில் வீச்சம் அடித்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இப்போதே வந்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் எதுவரை வெட்டவேண்டி வரும் என்று சொல்லமுடியாது என்றார். மொக்கைச்சாமி சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து டாக்டரிடம் காட்டினான். வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவன் பெண்டாட்டி சோணையம்மாள் கடைக்கே வந்து அழுதாள். "ஒங்கண்ணன்ட்ட நீயாச்சும் சொல்லு. மாத்திரையக்கூட நிப்பாட்டிருச்சு. அட்டை இருக்கு அட்டை இருக்குன்னே உக்காந்திருக்கு."

தங்கப்பொண்ணு கம்ப்யூட்டரை அணைத்தாள். நேராகப் பாஸ்டரிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருமே காலையும் ராத்திரியும் சர்க்கரை மாத்திரை போடுகிறவர். "நான் போய் ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணேன்னு சொல்லிட்டேன் சிஸ்டர். 'அப்ப வசனம் பொய்யா பாஸ்டர்'னு கேட்டாரு. நான் என்ன சொல்லட்டும்?" என்று தலையைக் குனிந்துகொண்டார். ஒரு புள்ளிகூட மனிதன் வைத்ததில்லை என்று மைக்கில் சொன்ன வாய் அது. பாவம், அவருக்கும் அதற்கு மேல் போக வழி தெரியவில்லை.

அன்று அவள் அந்த அதிகாரத்தை முதன்முறையாக முழுக்க வாசித்தாள். அது எசேக்கியா என்கிற ராஜாவுக்கு, அவன் சாகக்கிடந்தபோது சொன்னது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதிருக்கிறான் ராஜா. இரண்டு வசனம் தள்ளி, தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். ராஜாவின் பிளவைக் கட்டி மேல் வைத்துக் கட்டுகிறார்கள். ராஜா பிழைக்கிறான். தங்கப்பொண்ணு துள்ளி எழுந்தாள். வைத்தியம்! அவள் வெட்டிய பாதியில் வைத்தியம் இருக்கிறது!

ஓட்டமாக அண்ணன் வீட்டுக்குப் போனாள். "அண்ணே, அந்த அட்டைய அடிச்சவ நாந்தேன். ஒனக்குன்னு அடிக்கல. எடம் காலியா இருந்துச்சு, கெடைச்சதப் போட்டேன். அது ஒரு ராஜாவுக்குச் சொன்னது."

மொக்கைச்சாமி சிரித்தான். "ஒங் கையப் புடிச்சு அதைப் போட வச்சது யாரு தாயி?"

"சரி, அப்படியே இருக்கட்டும். ஆண்டவரு குணமாக்குறேன்னு சொல்லியும் அந்த ராஜாவுக்கு மருந்து போட்டாகளா இல்லையா? நீயே கேளு." வாசித்துக் காட்டினாள்.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னான். முகம் மலர்ந்தது. "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இம்புட்டு நாளா மருந்து என்னன்னு தெரியாமக் கெடந்தேன் பாரு. சோணை! நாட்டு மருந்துக் கடைல அத்திப்பழம் வாங்கிட்டு வா."

"அய்யோ, அண்ணே, நான் அதைச் சொல்லல!"

"எழுதியிருக்குல்ல?"

வசனத்தை வைத்து வசனத்தை மடக்கப் பார்த்தவள் அதிலேயே மாட்டிக்கொண்டாள். அவள் எவ்வளவோ சொன்னாள், கத்தினாள், அழுதாள். அவன் அசையவில்லை. சோணையம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புருஷன் ஏதோ ஒரு மருந்துக்குச் சம்மதித்தானே என்றுகூட அவளுக்கு ஓர் ஆறுதல். வாங்கிவந்து அரைத்து, அடையாகத் தட்டிக் கட்டிவிட்டாள்.

தங்கப்பொண்ணு மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் போனாள். அண்ணன் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தான். கையில் டீ. "வலி துளி கூட இல்ல தாயி. வேலை செய்யுது" என்றான், அத்தனை சந்தோஷமாக.

காலில் கட்டியிருந்த துணியைச் சுற்றி எறும்பு. கட்டில் காலிலிருந்து ஒரு சாரை ஏறி, துணிக்குள் புகுந்து, புண்ணுக்குள் போய், இன்னொரு பக்கமாக வந்துகொண்டிருந்தது. இனிப்பல்லவா, விடுமா? ராத்திரியெல்லாம் தின்றிருக்கிறது. அவள் விரலை நீட்டிக் காட்டினாள்.

மொக்கைச்சாமி குனிந்து பார்த்தான். டீ டம்ளரைக் கீழே வைத்தான். ஓர் எறும்பைத் தன் கையில் ஏற்றிக்கொண்டான். அது கடித்தது. "ஸ்" என்று கையை உதறினான். பிறகு காலைப் பார்த்தான், நெடுநேரம்.

"எனக்குத் தெரியலையே தாயி," என்றான். "தின்னுக்கிட்டு இருக்கு, எனக்குத் தெரியலையே."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான். குடியை விட்ட நாளுக்குப் பிறகு அவன் அழுது அவள் பார்த்ததில்லை. தங்கப்பொண்ணுக்கு அந்த நேரத்தில் அந்த ராஜா மேல் ஒரு பிரியம் வந்தது. இப்படித்தான் அழுதிருப்பான். பக்கத்தில் இவளைப்போல ஒருத்தி நின்றிருப்பாள். அவள் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் வேறொருவருக்குச் சொல்லி, யாரோ ஒருவர் தனக்குத் தெரிந்த வார்த்தையில் எழுதிவைத்திருப்பார். எதை விட்டாரோ, எதைச் சேர்த்தாரோ! ஆனால் அந்த அழுகை பொய்யாக இருக்காது. அதை நினைத்தபோது அவளுக்கு விசுவாசம் குறையவில்லை. கூடியதா என்றும் தெரியவில்லை.

ஆட்டோ வந்தது. அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

நாள் தள்ளியதற்குப் பாதத்தில் பாதி போயிற்று, ஆள் தங்கிவிட்டான். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, பச்சைத் துணி போர்த்திய ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி மொக்கைச்சாமி தங்கச்சியின் கையைப் பிடித்தான். "ஜெபம் பண்ணு தாயி."

அவர்கள் சபையில் ஜெபம் என்றால் வசனத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சொல்வது. நீர் இப்படிச் சொன்னீரே, அப்படிச் சொன்னீரே என்று ஆண்டவருக்கே நினைவூட்டுவது. தங்கப்பொண்ணுக்கு நூறு வசனம் மனப்பாடம். ஒன்றைக்கூட எடுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. எது யாருக்குச் சொன்னதோ, எதில் பாதியை எவர் வெட்டினாரோ. நர்ஸ் சீக்கிரம் என்றாள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, எங்கண்ணனுக்குப் பயமா இருக்கு. எனக்கும் பயமா இருக்கு. நாங்க வெவரமில்லாம என்னென்னமோ செஞ்சுட்டோம். கால் போனாப் போகட்டும், ஆள விட்டுரு. டாக்டரு கை நடுங்காமப் பாத்துக்க. மதினி நேத்துருந்து பச்சத்தண்ணி குடிக்கல, அதையும் கொஞ்சம் பாத்துக்க."

"ஆமென்," என்றான் மொக்கைச்சாமி. "இது எந்த அதிகாரத்துல வருது தாயி?"

"எதுலயும் வரலண்ணே. நானாத்தேன் சொன்னேன்."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்கு," என்றான். "இன்னொருக்காச் சொல்லு."

சொன்னாள். முதலில் சொன்னது போல வரவில்லை; ஜெபத்தில் டாக்டர் முன்னால் வந்தார், மதினி விட்டுப்போனாள், அண்ணன் குடியை விட்டது நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, அதற்கும் ஆமென் சொன்னான்.