புடவை மாற்றும் நேரத்துப் பாட்டு

ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் பாடகருக்காகப் போகிறவர்கள் உண்டு, பாடகிக்காகப் போகிறவர்கள் உண்டு, வீட்டிலிருந்து தப்பித்தால் போதும் என்று போகிறவர்களும் உண்டு. நாங்கள் கிதார்காரனுக்காகப் போனோம். சங்கராபுரத்தைச் சுற்றி எந்த ஊரில் தீமிதி என்றாலும் சரி, மேடையின் பின்மூலையில் அவன் நிற்கப்போகிறான் என்று தெரிந்தால் போதும், நான் என் ஜெராக்ஸ் கடையை இழுத்துச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவேன். இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் கொடுத்து நான் அடிக்கும் விசில் தேரடி வரை கேட்கும். என் வீட்டுக்காரருக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல். விசிலடிக்கிற பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நானே அவரைத் தேற்றிவைத்திருக்கிறேன்.

எல்லாம் நைனார்பாளையத்துத் திருவிழாவில் ஆரம்பித்தது. கச்சேரியின் நடுவில் பாடகி புடவை மாற்றப் போவார். அந்த நேரத்தை ஒப்பேற்ற ஒரு மிமிக்ரி கலைஞர் வருவார். அன்று அவர் வரவில்லை. அறிவிப்பாளர் தெரிந்த ஜோக்கையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பின்னால் திரும்பி, எதையாவது வாசிப்பா என்றார். அவன் வாசித்தான். சினிமாப் பாட்டு இல்லை. மெதுவாக நடந்து வருகிற ஒன்று. ஒரு கம்பியை அழுத்திப் பக்கவாட்டில் இழுப்பான், சத்தம் முனகிக்கொண்டே மேலே ஏறும், நம் நெஞ்சும் கூடவே ஏறும். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் பகலெல்லாம் நாற்று நட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருத்தி, "இன்னாடி இது, ஒப்பாரி மாரி இருக்குது, எழுந்து ஆடவும் தோணுது" என்றாள். அதைவிட நன்றாக இதுவரை யாரும் அந்த வாசிப்பைப் பற்றிச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மிமிக்ரிக்காரருக்கு வேலை போயிற்று. எந்த ஊரில் கச்சேரி நடந்தாலும் பாடகி எப்போது புடவை மாற்றப் போவார் என்று காத்துக்கிடந்தோம். இது என்ன பாட்டு தம்பி என்று ஒருமுறை அவனைக் கேட்டேன். ப்ளூஸ் என்று பேராம். செல்போனில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, பிறகு தனக்குத் தோன்றிய மாதிரி தானே ஒன்று கட்டிக்கொண்டானாம். "பருத்திக் காட்டுல கூலி வேல செஞ்சவங்க பாட்டுக்கா. நம்ம ஜனங்கதான், ஊருதான் வேற" என்றான். மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளை அவன். அவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் ரசிகர் மன்றம் வைத்தோம். நான், ஒரு மினி லாரி டிரைவர், சில கொத்தனார்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிற பெண்கள், கொஞ்சம் கல்லூரிப் பிள்ளைகள். கிதார்காரனுக்கு எவனாவது மன்றம் வைப்பானா என்று பாடகர் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நஷ்டம் அவருக்குத்தான்.

போன வருஷம் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. என்ன காய்ச்சல் என்று பேர் வைப்பதற்குள் ஆளே போய்விட்டான். முப்பது வயதுகூட ஆகவில்லை. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸை என் கடையில்தான் தயார் செய்தோம். எந்தப் போட்டோவை எடுத்தாலும் அவன் பாடகருக்குப் பின்னால்தான் நின்றான். கடைசியில் கிடைத்த ஒன்றில் அவன் தோளில் பாடகரின் முழங்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்ட வெட்ட அவன் தோளும் போயிற்று. முழங்கையோடேயே அடித்தோம்.

கருமாதிக்கு மலைக்குப் போனோம். அவன் மனைவி கல்வராயன் மலைப் பெண்; கல்யாணத்துக்குப் பிறகு அவனும் அங்கேதான் குடியிருந்தான். கச்சிராயபாளையம் தாண்டி மேலே ஏறி, ரோட்டை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்கவேண்டிய ஊர். கையில் சின்னப் பெண்குழந்தை. காரியமெல்லாம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கச்சேரி தொடங்குவதற்கு முன்பே மலைக்குக் கடைசி பஸ் போய்விடும், அதனால் அவள் எந்தக் கச்சேரிக்கும் வந்ததில்லை. கிதார் ஆர்கெஸ்ட்ராக்காரருடையது, சவுண்டு பாக்ஸோடு வேனிலேயே கிடக்கும், வீட்டுக்கு வந்ததில்லை.

"அவரு அத்த வாசிச்சா ஊரே எழுந்து நிக்குமாமேக்கா. நான் ஒரு தபாகூட கேட்டதில்ல. மொதல்லருந்து கடைசி வரிக்கும் முழுசா ஒரே ஒரு தபா கேக்கணும்."

இதென்ன பெரிய காரியம், எங்கள் எல்லார் செல்லிலும் இருக்கிறது, வருஷ நினைவு நாளுக்குள் நல்லதாகப் பார்த்துக் கொண்டுவருகிறோம் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடையில் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொரு செல்லாகப் போட்டுப் பார்த்தோம். அவன் கம்பியில் கை வைக்கிறான், விசில். கம்பியை இழுக்கிறான், "தலைவா" என்று மினி லாரி டிரைவரின் கத்தல். நெஞ்சை உருக்குகிற அந்த ஏற்றம் வருகிறது, மறுபடி விசில், அதுவும் என்னுடையது. எந்த வீடியோவிலும் நான்கு மூச்சுக்கு மேல் கிதார் தனியாகக் கேட்கவில்லை. கல்லூரிப் பிள்ளை ஒருவன் விசிலை நீக்க ஏதோ ஒரு ஆப்பில் போட்டுப் பார்த்தான். கிதார் போய்விட்டது, விசில் சுத்தமாக வந்தது.

விசிலடித்தது தப்பு என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படி வாசிக்கிறவன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார நாங்கள் என்ன பரீட்சையா எழுத வந்தோம்? ஆனாலும் அந்தப் பெண் என் கையைப் பிடித்த பிடி ஞாபகத்துக்கு வந்தது. ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் போனோம். அவன் இடத்தில் இப்போது கீபோர்டுதான், அந்தப் பாட்டு இங்கே யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்து அதே வீடியோக்களை மறுபடி போட்டோம். மினி லாரி டிரைவர், இந்த விசிலுக்கு அடியில் அவன் இப்படிப் போவான் என்று வாயாலேயே "ட்டொய்ங்ங்" என்று இழுத்துக் காட்டினான். சூளைப் பெண் ஒருத்தி, இல்லை, அங்கே இறக்குவான் என்று வேறு மாதிரி பாடினாள். கொத்தனார் ஒருவர், இரண்டு பேர் பாடியதும் தப்பு என்றார். சண்டை பலமாகிவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் புத்தியில் பட்டது. பாட்டு எந்தச் செல்லிலும் இல்லை, இவர்கள் வாயில் முழுதாக இருக்கிறது.

அதிலிருந்து ஞாயிறுதோறும் அரிசி மில்லின் நெல் காயவைக்கிற களத்தில் ஒத்திகை. ஆண்கள் தடித்த கம்பி, பெண்கள் மெல்லிய கம்பி. கொத்தனார் தகர டின்னில் தாளம். பார்த்தவர்கள் எங்களுக்கு மந்திரிக்கவேண்டும் என்றார்கள். சண்டை போட்டுப் போட்டே ஒவ்வொரு வளைவையும் பிடித்தோம்.

நினைவு நாளன்று மதியம் மினி லாரியில் இருபது பேர் மலை ஏறினோம். அவள் எங்களுக்காக மரவள்ளிக் கிழங்கு அவித்துக் கடுங்காப்பி போட்டு வைத்திருந்தாள். ஊர் ஜனங்கள் வந்து கூடி, மைக் செட் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றதும் சிலர் கிளம்பப் பார்த்தார்கள். வாசலில் நின்று ஆரம்பித்தோம்.

முதல் வளைவிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, வந்துவிட்டான் என்று. ஒப்பாரியும் ஆட்டமும் ஒன்றாக அந்த வாசலில் இறங்கின. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்த இழுப்பில் கிளம்பப் போனவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கூரைக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஒரு துளிகூடச் சிந்தக்கூடாது என்கிற மாதிரி கேட்டாள். பாடி நிறுத்தினோம். ஜெயித்துவிட்டோம் என்று நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவ்ளோதானாக்கா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த இடத்தில் பாடகி புதுப் புடவையோடு வந்துவிடுவார், அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொள்வார், எந்த ஊரிலும் அதற்கு மேல் அவனை வாசிக்க விட்டதில்லை என்று சொன்னேன். அவள் எங்கள் கடைசி இழுப்பை, சரிதானா என்று கேட்கிற மாதிரி, மெல்ல வாய்க்குள் முனகிப் பார்த்தாள். அங்கிருந்து நிற்காமல் மேலே போனாள். ஏறி, தயங்கி, படிப்படியாக இறங்கி, தரையில் வந்து உட்கார்ந்தது அது. இருபது பேரும் வாயைத் திறந்தபடி நின்றோம். நாங்கள் கேட்டதே இல்லை. ஆனால் அது அவனுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை.

"இது பாப்பாவ தூங்க வைக்கறப்போ பாடுவாரு. இதுக்கு முன்னால ஒண்ணு கீதுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மரவள்ளிக் கொல்லையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஓடிவந்து, அவள் முந்தானையை இழுத்து உட்காரவைத்து, பட்டப் பகலில் மடியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் டிரைவர் தேம்பினான். நானும்தான். துக்கத்தில் இல்லை. அந்த அறிவிப்பாளரை, அந்தக் காய்ச்சலை, எல்லாரையும் ஜெயித்துவிட்டோம்.

இன்னொரு தபா பாடலாமா என்று அவளே கேட்டாள். ஆரம்பத்திலிருந்து எடுத்தோம். வழக்கமாக நிற்கிற இடத்தில் அவள் குரல் முன்னால் போயிற்று, நாங்கள் பின்னால் போனோம், ஊர் ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். கொத்தனார் டின்னை நசுக்கியே விட்டார். முதல்முறையாக அந்தப் பாட்டு கடைசி வரை போயிற்று. அத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தியும் குழந்தை எழுந்திருக்கவே இல்லை.