திரும்பி நின்ற ராணி

என் அத்தை புருஷனிடம் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது நகைப்பெட்டியை விட்டுவிட்டுப் பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வண்டியிலிருந்து அந்தத் தகரப் பெட்டியை இறக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. அத்தை பதறிப்போய், "மெதுவா, மெதுவா, உள்ள ஆளுக இருக்கறாங்க" என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெட்டிக்குள் ஆள் இருப்பதாகச் சொன்ன ஒரு பெரியவளை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். பார்த்த உடனே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா ராசிபுரத்தில் பட்டுச்சேலை வியாபாரம் செய்தார். தறிக்காரர்களிடம் சேலை வாங்கி, சேலத்தில் ரயிலேறி, பெங்களூர், மைசூர் என்று கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார். கல்யாணமான புதிதில், தசராவுக்கு மைசூர் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். போகும்போதெல்லாம் ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும். திரும்பி வரும்போதெல்லாம் கையில் ஒன்றிரண்டு பொம்மை வரும். இப்படி மூன்று வருஷத்தில் பதினொரு பொம்மை சேர்ந்துவிட்டது. பதினோராவது பொம்மையைக் கொடுத்த அன்றைக்குத்தான் அத்தை வண்டி பூட்டச் சொன்னாளாம்.

"பொம்மைய வெச்சு ஏமாத்தறதுக்கு நா என்ன குழந்தையா?" என்று அம்மாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். பதினொரு பொம்மை கிடைத்தும் கோபப்படுகிற மனுஷி உலகத்தில் இருப்பாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாமா இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தார். ஒரு முறை அவரே வந்தார். அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து அலுத்துப்போனார். மாமா மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குத்தான் கவலை. "இப்படியே நாலு மாசம் ஆயிருச்சு. இன்னமும் முறுக்கிக்கிட்டு இருந்தா அந்த ஊடு என்னத்துக்காகும்?" என்று அப்பாவிடம் முணுமுணுப்பாள். எனக்கு அந்தக் கவலை துளியும் இல்லை. அத்தை போகவே கூடாது என்று மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டேன்.

காரணம், நாங்கள் கோட்டை கட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களைப் போலக் காடு தோட்டம் பார்க்கிற வீடுகளில் கொலு வைக்கிற பழக்கம் கிடையாது. சரஸ்வதி பூசை என்றால் ஏருக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்துப் பொரி தின்பதோடு சரி. அத்தைதான், பதினொரு பொம்மை பெட்டியில் கிடந்து மூச்சுத் திணறுதே, இந்த வருஷம் நம்ம பக்கத்துச் சங்ககிரி மலைக்கோட்டையில் அந்தக் காலத்து ராசா தர்பார் நடத்துவதுபோல வைக்கலாம் என்றாள். கூடையைக் கவிழ்த்து, மண் பூசி, ராகி முளைக்க விட்டு மலை செய்தோம். ஆனால் பொம்மைகள் அந்தக் காலத்து ஆட்களாக ஆக வேண்டுமானால் அந்தக் காலத்துத் துணி வேண்டுமே.

அந்தக் காலத்தில் என்ன உடுத்தினார்கள் என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியும்? அப்பாவைக் கேட்டால், "ராசான்னா வைரம், முத்துதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார், ராசா தொளதொளவென்று கால்சட்டை போட்டு, முழங்கால் வரைக்கும் அங்கி போட்டு, இடுப்பில் சால்வை கட்டியிருப்பார் என்றார். ராணியைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை. அத்தைக்கு மட்டும் சந்தேகமே இல்லை.

"கோட்ட இங்க இருக்குது. ராணியும் இங்கத்தவதான். சேலை கட்டறதுக்கு மைசூர் போயிக் கத்துக்கிட்டு வந்திருப்பாளாக்கும்? நம்ம கட்டறாப்பலதான் கட்டியிருப்பா."

எங்கள் பக்கத்தில் கொசுவத்தை முன்னால் செருகாமல் பின்னால் விசிறிபோல விட்டுக் கட்டுவார்கள். அதற்குப் பின்கொசுவம் என்று பெயர். எங்கள் ராணிக்கும் அதுவே என்று தீர்ப்பாயிற்று.

தறியில் சேலையை அறுத்தெடுத்த பிறகு ஓரத்தில் கையகலத் துண்டு மிஞ்சும். அப்படி மிஞ்சிய பட்டுத் துண்டுகளையும் சரிகை நூலையும் பெட்டியின் அடியில் அத்தை சேர்த்து வைத்திருந்தாள். முதல் தடவை மாமா கொண்டுவந்த, ஈட்டி மரத்தில் செதுக்கிய ஜோடியே ராசாவும் ராணியும். ராசாவுக்கு அத்தை அங்கி தைத்தாள். நகத்தளவு பொத்தான்கூட வைத்தாள். தலைப்பாகையை மட்டும் நான் ஒன்பது தடவை கட்டி ஒன்பது தடவை அவிழ்த்தேன். சாயம் பூசிய மரச் சிப்பாய்கள் நாலு பேருக்குக் கச்சை கட்டி, துடைப்பக் குச்சியில் ஈட்டி கொடுத்தோம்.

தொல்லை கொடுத்தது பீங்கான் முகத்துச் சீமைப் பொம்மை. மஞ்சள் முடி, நீலக் கண். படுக்கப் போட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். அவளை எந்தக் காலத்துக் கோட்டையில் சேர்ப்பது? அத்தை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, அடுப்புக்கரியைக் குழைத்து அவளுக்கு ஒரு மீசை வைத்தாள். அப்பாவின் சிவப்புப் பனிக்குல்லாயை வெட்டி மேல்சட்டை தைத்தோம். கோட்டையைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை தயார். கொஞ்சம் சாய்ந்தால் போதும், துரை தூங்கிவிடுவார். அந்த மார்கழி முழுக்க அப்பா குல்லாயைத் தேடினார்.

ராணியின் கொசுவம் முழுக்க என் கைவேலை. பட்டைக் கஞ்சித் தண்ணீரில் நனைத்து, பதினொரு மடிப்பு மடித்து, அம்மிக் குழவிக்கு அடியில் ஓர் இரவு வைத்து எடுத்தேன். அத்தை அதை விரித்துப் பார்த்துவிட்டு, "எனக்கே இப்படிக் கட்டி உடமாட்டியா சாமி?" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூசையன்று காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினோம். அத்தை சமைக்கப் போய்விட்டாள். நான் தள்ளி நின்று, பார்க்க வருகிறவர்களின் கண்ணோடு பார்த்தேன். பக்கென்றது. கொசுவம் பின்னால் இருந்தது. எல்லாரும் முன்னாலிருந்து பார்ப்பார்கள். பதினொரு மடிப்பில் ஒன்றுகூட யார் கண்ணிலும் படாது. நான் யோசிக்கவே இல்லை. ராணியை அப்படியே திருப்பி நிறுத்திவிட்டேன். ராசா சபையைப் பார்த்திருக்க, ராணி பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கொசுவம் விசிறியாக விரிந்து ஜொலித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

முதலில் வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் துரையின் மீசையைப் பார்த்து உருண்டு புரண்டு சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தி, "ஏன் அம்மிணி, ராணி ராசாகிட்டக் கோவிச்சுக்கிட்டாளா?" என்று கேட்டாள். சிரிப்பு சட்டென்று நின்றது. எல்லாரும் அடுப்படிப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அம்மா வேகமாக வந்து ராணியைத் திருப்பப் போனாள். நான் அழ ஆரம்பித்தேன். நல்ல நாளில் பிள்ளையை அழவைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். அப்பா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாராம். கையில் ஒரு துணிப்பை. பை இருந்த வடிவத்தைப் பார்த்ததுமே அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "அண்ணா, மறுக்காவும் பொம்மைங்களா? இன்னைக்கு இது வேண்டாமுங்க" என்று பிடுங்கிக்கொண்டுபோய் நெல்லுக் குதிருக்குப் பின்னால் போட்டாள்.

வெறுங்கையோடு மாமா கொலுவின் முன்னால் வந்து நின்றார். தான் வாங்கி வந்த பதினொரு பேரும் ஆளுக்கொரு வேஷத்தில் நிற்பதை ஒவ்வொருவராகப் பார்த்தார். துரையிடம் வந்ததும் மீசை துடித்தது, அவருடைய மீசைதான். ராணியிடம் வந்ததும் சிரிப்பு போய்விட்டது. வெகுநேரம் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அத்தையும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"கொசுவம் நாந்தானுங்க மாமா வெச்சேன்" என்றேன்.

"நல்லா இருக்குது சாமி" என்றார். பிறகு குனிந்து ராசாவைத் தூக்கினார். ராணியைச் சுற்றிக் கொண்டுபோய், மலைக்கும் அவளுக்கும் நடுவில், அவள் முகத்துக்கு நேராக நிறுத்தினார். இப்போது ராணியின் தலைக்கு மேல் தலைப்பாகையின் நுனி மட்டும் தெரிந்தது. அங்கி, பொத்தான், சால்வை எல்லாம் போச்சு.

"மாமா! அங்க வெச்சா ராசாவ ஒருத்தரும் பாக்க முடியாதுங்க!" என்று கத்தினேன்.

"பாக்க வேண்டியவ பாத்தாப் போதும் சாமி" என்றார் மாமா, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி.

கரண்டிச் சத்தம் நின்றது. அத்தை நிலைப்படி வரைக்கும் வந்து பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். முதுகைக் காட்டுகிற ராணியையும் அவள் முன்னால் பயந்துபோய் நிற்கிற ராசாவையும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. நாலு மாசத்துக்கு அப்புறம் அவள் மாமாவிடம் பேசிய முதல் பேச்சு, "ராசாவுக்குத் தலப்பா சரிஞ்சு கெடக்குதுங்க" என்பதுதான்.

"சரி பண்ணியுடு" என்றார் மாமா. "அடுத்த தசராவுக்கு மைசூர் போயி, நம்ம ராணி சேலை கட்டினது சரியான்னு அரமனையில பாத்துட்டு வந்தரலாம். ரெண்டு பேருந்தான்."

மறுநாளே அத்தை புறப்பட்டுவிட்டாள். ராசாவையும் ராணியையும் மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பது பேரையும் எனக்கே விட்டுவிட்டுப் போனாள். வண்டி திரும்பும்வரைக்கும் நான் மாரியாத்தாளைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

மாமா அந்த முறை வாக்குத் தவறவில்லை. அடுத்த தசராவுக்கு இருவரும் ரயிலேறினார்கள். அவர்கள் போகப்போகிற செய்தி கேட்டதும், என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நான் என் பாவாடை சட்டையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலந்தான் தெரிந்தது, அவர்கள் முந்தின நாளே போய்விட்டார்கள் என்று. வீடு அதிர அழுதேன். அம்மா சமாதானம் சொல்லிப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் எதையோ நினைத்துக்கொண்டவள்போல நெல்லுக் குதிருக்குப் பின்னால் கையை விட்டு, தூசி படிந்த துணிப்பையை எடுத்தாள். உள்ளே பன்னிரண்டாவது பொம்மை, பொட்டு அழியாமல் புத்தம் புதிதாக இருந்தது.

"மாமா வாங்கியாந்தது. இந்தா, அழுகாத" என்று நீட்டினாள்.

நான் அதைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"பொம்மைய வெச்சு ஏமாத்தறதுக்கு நா என்ன குழந்தையா?" என்றேன்.

அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தோட்டத்திலிருந்த அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். இவ்வளவு பெரிய துக்கத்தில் ஒருத்தி இருக்கும்போது இவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.