பின் டேங்க்கில் ஏறிய பெட்ரோல்

எந்தக் குழாயைப் பார்த்தாலும் அதன் மறுமுனை எங்கே போகிறது என்று பார்க்காமல் ரோஸிக்கு இருப்புக் கொள்ளாது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், மண் அள்ளும் வண்டிகளுக்கு ரப்பர் ஹோஸ் செய்யும் கம்பெனியில் பெருக்குகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஹோஸ் முனையில் இரும்புப் பூண் அழுத்தும் மெஷின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டுக் கேட்டே அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். 2006-ல் அவளுக்கு முப்பத்தாறு வயது. அந்த மெஷினே அவள் கையில்தான்.

ஒருநாள் தாம்பரம் மெக்கானிக் ஜெயவேலு தொங்கிய முகத்தோடு வந்தார். சேலையூர் ஸ்ரீரங்கனிடம் எழுபதுகளில் கப்பலில் வந்த பிக்கப் வண்டி ஒன்று இருந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பெட்ரோல் டேங்க். அதில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடும் பழைய கார்புரேட்டரைக் கழற்றி, பம்ப் வைத்துப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டியிருந்தார் ஜெயவேலு. ஹோஸ்கள் ரோஸி செய்தவை.

“உன் ஹோஸ் லீக்காவுது ரோஸி. மேடவாக்கத்துல நடுரோட்டுல வண்டி நின்னுபோச்சு. பின்னாடி பெட்ரோல் ஊத்துது, ஜனங்க கத்துறாங்க. ஒரே பேஜாராப் போச்சு.”

“எங்கண்ணா ஊத்துச்சு? ஹோஸ்லயா?”

ஜெயவேலு தயங்கினார். “பின் டேங்க் மூடி வழியா.”

“வண்டி எந்த டேங்க்குல ஓடிக்கினு இருந்துச்சு?”

“முன் டேங்க்குல. காலைல ரெண்டையும் ரொப்பிட்டுத்தான் சார் கிளம்பினாரு. ஒரு மணி நேரத்துக்குள்ள முன்னது காலி.”

ஓடாத டேங்க் எப்படி வழியும்? அன்றைக்கு முழுக்க ரோஸிக்கு வேலையே ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே ஜெயவேலுவின் ஷெட்டுக்குப் போனாள். ஸ்ரீரங்கனும் வந்திருந்தார். ஜெயவேலுவின் பீடியை வெளியே போடச் சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாள். இன்ஜினுக்குப் போகும் குழாயில் எந்த டேங்க்கிலிருந்து எடுப்பது என்று மாற்றும் பொதுவான வால்வு இருந்தது. இன்ஜினிலிருந்து திரும்பும் குழாய் மட்டும் வால்வு எதுவும் இல்லாமல் பின் டேங்க்குக்கே போனது.

“இது எதுக்கு அண்ணா?”

“இன்ஜெக்‌ஷன் பம்ப் எப்பவும் அதிகமாத் தள்ளும். மிச்சம் திரும்பணும். கார்புரேட்டர்ல இந்த லைனே கெடையாது. பின் டேங்க்குல ஒரு ஓட்டை சும்மா இருந்துச்சு, சொருகிட்டேன்.”

“மிச்சம்னா எவ்ளோ?”

அது அவருக்கும் தெரியவில்லை. ரோஸி திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு லிட்டர் கேனில் விட்டாள். இன்ஜின் ஓடத் தொடங்கி ஒரு நிமிஷம் ஆகவில்லை, கேன் நிறைந்துவிட்டது.

ஸ்ரீரங்கன் வாய் பிளந்தார். “இன்ஜின் குடிச்சது ஒரு மடக்குகூட இருக்காதே!”

“அதான் சார். முன் டேங்க்குலேர்ந்து எடுத்து பின் டேங்க்குல ஊத்திக்கினே போயிருக்கு.”

ஜெயவேலு தலையில் கை வைத்துக்கொண்டார். “ஹோஸ் மேல பழி போட்டுட்டேன், மனசுல வச்சுக்காத.”

இனி இன்ஜின் எந்த டேங்க்கிலிருந்து எடுக்கிறதோ அந்த டேங்க்குக்கே மிச்சம் திரும்ப வேண்டும். போகும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் சேர்த்து மாற்றும் வால்வு எங்கேயும் கிடைக்கவில்லை. ரோஸி பெட்ரோல் தாங்கும் மூவழி வால்வுகள் இரண்டை வாங்கி, ஒன்றைப் போகும் வழியிலும் மற்றதைத் திரும்பும் வழியிலும் வைத்தாள். இரண்டின் கைப்பிடிகளையும் ஒரே இரும்புப் பட்டையால் இணைத்தாள். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். முன் டேங்க்கில் திரும்பும் குழாய்க்குப் புது வாய் தேவைப்பட்டது. டேங்க்கை இறக்கி, பெட்ரோல் வாடையே இல்லாமல் கழுவிக் காயவிட்ட பிறகுதான் ஜெயவேலுவைத் துளையிட விட்டாள். “இன்ஜினை நிறுத்திட்டுதான் திருப்பணும் சார். கைப்பிடி பாதியில நின்னா ரெண்டு வழியும் அடைச்சுக்கும்,” என்று ஸ்ரீரங்கனிடம் கண்டித்துச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு மூவரும் கோவளத்துக்குக் கிளம்பினார்கள். மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தபோது ஜெயவேலு நாலுமுறை தலையை வெளியே நீட்டி மோந்து பார்த்தார். கோவளத்தில் இறங்கியதும் ரோஸி மூங்கில் குச்சியை இரண்டு டேங்க்கிலும் விட்டு அளந்தாள். முன்னதில் மூன்று விரற்கடை இறங்கியிருந்தது. பின்னதில் கிளம்பும்போது இருந்த அதே அளவு. நம்பாமல் இன்னொரு தரம் விட்டுப் பார்த்தாள், பிறகுதான் சிரித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ரோஸி முடிச்சூர் ரோட்டில் சொந்தமாக ஹோஸ் கடை போட்டாள். முதல் வேலையைக் கொண்டுவந்தவர் ஜெயவேலு. யாரோ ஒருவருடைய ஜெனரேட்டர், டீசல் எங்கே போகிறது என்றே தெரியவில்லையாம். ரோஸி டார்ச்சை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட்டாள்.