கொழுந்தியாள் வந்த நாட்கள்

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து என் மனைவிக்குப் புற்றுநோய் வந்தது. கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போய் வைத்தியம் பார்த்தோம். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், "வீட்டுக்கே போயிடலாங்க" என்றாள். கப்பலில் போர்ட் பிளேருக்குத் திரும்பி, டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் ஜன்னலோரம் அவளுக்குக் கட்டில் போட்டேன்.

வலிக்கு மார்ஃபின் கொடுத்திருந்தார்கள். அதுவே ஆளைக் கொன்றுவிடுமோ என்று எனக்குப் பயம். வீட்டுக்கு வந்து பார்க்கும் மலையாளி நர்ஸிடம் கேட்டேன்.

"சொன்ன அளவு கொடுத்தா ஒண்ணும் ஆகாது, அண்ணா. வலியோட கிடக்க விடாதீங்க."

ஒரு மதியம் கஞ்சி ஊட்டப் போனேன். மனைவி கட்டிலருகே கிடந்த காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தங்கச்சி மேல இடிக்கிறீங்க."

அவள் தங்கை தெற்குக் கோடித் தீவிலுள்ள கேம்பல் பே ஊரில் வாழ்க்கைப்பட்டவள். சுனாமி அலையில் போய்விட்டாள். உடல் கிடைக்கவேயில்லை.

"அவளுக்கு ஒரு துண்டு குடுங்க. தலையெல்லாம் சொட்டுது."

துண்டை எடுத்து நாற்காலியில் போட்டேன். தரை ஈரமாக இருக்கிறதா என்று பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் நர்ஸ் வந்ததும், "சிஸ்டர், புத்தி கலங்கிடுச்சா?" என்றேன்.

அவர் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். "மருந்தாலயும் வரும், டாக்டர்கிட்ட சொல்றேன். ஆனா கடைசி நாள்ல நிறைய பேர் செத்தவங்களைப் பாக்கறாங்க. இவங்க பயப்படறாங்களா?"

"இல்ல. சந்தோஷமா இருக்கா."

"அப்ப இல்லேன்னு சண்டை போடாதீங்க. கூட உக்காருங்க. சாப்பாடும் கட்டாயப்படுத்த வேணாம். உதட்டை நனைச்சு விடுங்க, அது போதும்."

அதன்பிறகு நான் தரையில் உட்கார்ந்துகொண்டேன். மனைவி மெல்லப் பேசுவாள், பிறகு நிறுத்திப் பதிலைக் கேட்பாள். அவள் நிறுத்தும்போதெல்லாம் நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருநாள், "அன்னிக்கு ரொம்ப வலிச்சுதாடி?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"வலிக்கலையாம்ங்க."

இரண்டு நாளில் தொண்டையில் கரகரவென்று மூச்சு இழுத்தது. இப்படி வரும், பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம் என்று நர்ஸ் முன்னமே சொல்லியிருந்ததால் பதறவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முற்பகலில் மூச்சு அடங்கிவிட்டது.

கேம்பல் பேயிலிருந்த சகலைக்கு, அந்தத் தங்கையின் புருஷனுக்கு, போன் செய்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அழாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அண்ணே, வந்தவ என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளா?"

"கேட்டா."

"நல்லா இருக்கேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றேன்.