நான் மாற்றிக் கொடுத்த பாட்டில்

எங்கள் வீட்டுத் திராட்சரசத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் தாம்பரத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

சேலையூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தோம். பழத்தில் பாதி மார்க்கெட்டுக்குப் போகும். மீதியைப் புளிக்கவைத்து எங்கள் கிறிஸ்தவக் கோயில்களுக்குத் திராட்சரசம் செய்வோம். மதுவிலக்கு இருந்த காலம் அது. ஆராதனையில் ஆளுக்கொரு வாய் கொடுக்கும் திருவிருந்துக்கு மட்டும் சர்க்கார் அனுமதி உண்டு. பல்லாவரத்திலிருந்து செங்கல்பட்டு வரை சில கோயில்களுக்கு நாங்கள்தான் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் பாட்டில்களுக்கு வைக்கோல் சுற்றி, பிரம்புக் கூடையில் அடுக்கி, ரயிலில் கொண்டுபோவார்.

பழம் ஆய்வது, கழுவுவது, நசுக்குவது, ஜாடி வாயில் துணியால் வேடு கட்டுவது, மரக்கரண்டியால் கிளறுவது எல்லாம் நான். அவருடைய மூலதனம் மூக்கும் நாக்கும். வேட்டை அவிழ்த்து முகர்ந்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்து, "ஆச்சு" என்பார். அவர் சொல்லித் தப்பியதில்லை. வடிகட்டிய ரசம் உள்ளறைக்குப் போய்விட்டால் அப்புறம் என் கை படாது. பாட்டிலில் நிரப்பி கார்க் அடிப்பது அவர்தான். நான் வாயிலும் வைக்க மாட்டேன். "செஞ்சு குடு, குடிக்காத" என்று கல்யாணத்தின்போது என் அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். கோயிலில் பாதிரி ஐயர் கொடுக்கும் ஒரு வாயோடு சரி.

ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் கடுமையான ஜுரம் வந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தபிறகு மனுஷன் மாறிப்போனார். அதுவரை குழம்பு வைத்தால் உப்பு, ரசம் வைத்தால் புளி என்று குற்றப்பத்திரிகை வாசிப்பவர், போட்டதைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று பக்கத்து வீட்டம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்து வந்த ஈஸ்டருக்கு எங்கள் கோயிலுக்கு அவரே பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் பந்தலில் பழம் பறிக்கிற மும்முரத்தில் இருந்தேன்.

எங்கள் கோயிலில் ஆண்கள் முதலில் பீடத்துக்குப் போவார்கள், பிறகு பெண்கள். அன்றைக்கு ஐயர் தான் முதலில் குடித்துவிட்டு ஒரு கணம் அப்படியே நின்றார். ஆனால் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்ததைக் கீழே கொட்ட முடியாது. கொடுத்துத்தான் தீர வேண்டும். போய்த் திரும்பிய ஆண்களில் ஒருவர் கனைத்தார், ஒருவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். பாடகர் குழுவில் இருந்த மெக்கானிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு வந்தார். என்னவோ ஏதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நடுவில் என் வீட்டுக்காரர் மட்டும் திருப்தியான முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. வாயில் பட்டது ரசமல்ல, கெட்டுப்போன காடி, வினிகர். சுத்தமான காடி, தொண்டை எரிந்தது. அவருடைய அந்தத் திருப்தியான முகம் ஏன் என்று மண்டியிட்ட இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஜுரத்தோடு மூக்கும் போய்விட்டது, நாக்கும் போய்விட்டது. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறார். வெளியே தெரிந்தால் ஒரு கோயிலும் எங்களிடம் வாங்காது. அதைவிட, அவர் தலை நிமிர்ந்து நடக்க மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆராதனை முடிந்து வாசலுக்கு வந்ததும் மெக்கானிக் ஆரம்பித்தார். "இன்னா ஐயரே, பெரிய வெள்ளிக்கெழம சிலுவையில ஆண்டவருக்குக் குடுத்த காடிய இன்னிக்குக் குடுத்துட்டீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஐயர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம், "பாத்துட்டுத்தானே குடுத்தீங்க?" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போய், "ஊறுகாய்க்கு வச்சிருந்த காடி பாட்டில மாத்தி எடுத்து வச்சிட்டேன் ஐயரே, தப்பு என்னுதுதான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். பிறகு கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "அறிவு கெட்டவளே, லேபிள் ஒட்டி வச்சிருக்கேன், கண்ணு தெரியலயா உனக்கு?" என்று கத்தினார். எங்கள் வீட்டில் எந்தப் பாட்டிலிலும் லேபிள் ஒட்டிய வழக்கமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்வார் என்று காத்திருந்தேன். வேட்டியை மாற்றிக்கொண்டு, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். உள்ளறையில் இருந்த ஜாடிகளை நானே திறந்து பார்த்தேன். பாதிக்குமேல் காடி. அவர் பார்க்கவே வாழைக்கு ஊற்றினேன். மற்ற கோயில்களுக்கு நல்ல ஜாடியிலிருந்து போயிருந்ததால் பிழைத்தோம்.

"ஏங்க, ஜுரத்துக்கப்புறம் வாசனை தெரியலயா? ஆஸ்பத்திரில காட்டலாமே?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"எனக்கென்ன? நீ பாட்டில மாத்தாம இருந்தாச் சரி."

அடுத்த வருஷம் ரசம் வடிகட்டும் நேரம் வந்தது. வேட்டை அவிழ்த்தார், ஒரு கரண்டி எடுத்து என் முன்னால் நீட்டினார். எதற்கு என்று சொல்லவில்லை. அம்மாவிடம் செய்த சத்தியத்தை மீறிக் குடித்தேன், தலையாட்டினேன். அவர் "ஆச்சு" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நடந்தது. கோயில்கள் எங்களை விடவில்லை. அவர் பெயரும் கெடவில்லை.

பாட்டில் கதையை மட்டும் அவர் விடவேயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். மதுவிலக்கை எடுத்த வருஷம், "இப்ப கடையில எல்லாம் கெடைக்குது. இவ கையால வாங்கினா காடிதான்" என்று புதுசாக ஒன்று சேர்த்துக்கொண்டார். நானும் காபியை நீட்டிக்கொண்டே சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் ஒரு கோடையில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனையில் புதிதாக வந்திருந்த ஐயர், அவர் சொல்லிக் கேட்ட அந்தக் கதையையே எடுத்தார். "நம்ம சகோதரர் நாக்கு ஒருநாளும் தப்பினதில்ல. தப்பினது அம்மா கைதான்" என்றார். துக்க வீடு என்றும் பாராமல் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நான் பெட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊருக்குச் சொல்ல வேண்டாம், ஐயருக்கும் சொல்ல வேண்டாம். கரண்டியை நீட்டிய அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, "எனக்கு ஒண்ணும் தெரியலடி" என்று என்னிடம் சொல்லியிருந்தால் போதும். கல்லறைத் தோட்டத்தில் மண் போட முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன்.